பேரரசியின் குழிந்த முகம்

சோசிமுஸ் போய்ச் சேர்ந்து பதினோரு நாள் ஆகிறது. அவன் சாம்பல் குடம் இருக்கும் மாடத்துக்கு ஒரு கல் பதிக்க வேண்டும். ஈமச் சங்கத்துக் கல்தச்சன், அதில் என்ன வெட்டுவது என்று கேட்டு மூன்று முறை வந்துவிட்டான். நாலு வரிக்குத்தான் இடமாம். கஞ்சியில் உப்புக் குறைந்தால் அதைச் சொல்லவே சோசிமுஸுக்கு நாற்பது வரி வேண்டும்.

நாலு வரியில் அடங்காததை இங்கே சொல்கிறேன். அவனைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். அதற்குப் பயந்துதான் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேருமே சீசருக்குச் சொந்தமான அடிமைகளாக இருந்தவர்கள். ரோமில், கேலியன் குன்றின் சரிவில் உள்ள நாணயச்சாலையில் வேலை. அவன் ஸ்மிர்னா பக்கத்துக்காரன், ஏழு வயதில் கப்பலில் வந்து இறங்கியவன். நான் இந்த ஊரிலேயே பிறந்தவன். என் அம்மா அடிமை, அதனால் நானும் அடிமை. எங்கள் சட்டம் அப்பன் யாரென்று கேட்பதில்லை. பெற்றவள் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. பெறுவதற்கு முன்பே அவளை விடுவித்துவிட்டால் பிள்ளை சுதந்திரமாகப் பிறக்கும். நான் சொல்லப்போகும் விஷயம் முழுக்க இதில்தான் வந்து நிற்கிறது.

காசு அடிப்பது இரண்டு பேர் வேலை. முகம் வெட்டிய கீழ் அச்சு கட்டையில் பதிந்திருக்கும். பின்பக்கத்துப் படம் மேல் அச்சில். ஒருவன் உலையிலிருந்து சிவந்த வெண்கல வில்லையை இடுக்கியால் எடுத்துக் கீழ் அச்சில் வைத்து, அதன்மேல் மேல் அச்சை நிறுத்திப் பிடிப்பான். இன்னொருவன் சம்மட்டியால் ஒரே அடி. வில்லை வைப்பவன் சோசிமுஸ், சம்மட்டிக்காரன் நான். மொத்தம் முப்பத்து மூன்று வருடம் அவன் விரல்களுக்கு மேலே என் சம்மட்டி இறங்கியிருக்கிறது. ஒரு நகம்கூட அவனுக்குப் போனதில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது.

இந்த வேலையில் ஒரு கட்டாய முறை உண்டு. அடித்த காசு சில நேரம் மேல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் அடுத்த வில்லையை வைத்து அடித்தால் புதுக் காசு கெட்டுப்போகும். ஒரு பக்கம் முகம் புடைத்து நிற்கும். பின்பக்கத்தில் படம் விழாமல் அதே முகம் பள்ளமாகக் குழிந்திருக்கும். அதனால் ஒவ்வொரு அடிக்கும் பிறகு வில்லை வைப்பவன் மேல் அச்சைத் திருப்பிப் பார்த்து, "சுத்தம்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழாமல் சம்மட்டி தோளுக்கு மேல் போகக்கூடாது. நான் சொல்லவரும் விஷயம் நடப்பதற்கு முந்தின வருடம்தான் ஒருவன் சொல்லுக்கு முன்பே அடித்ததற்காக ஹிஸ்பானியாவில் சுரங்க வேலைக்கு அனுப்பப்பட்டிருந்தான். சுரங்கத்துக்குப் போனவன் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நாளெல்லாம் வாய் ஓயாத சோசிமுஸ் அந்த ஒரு சொல்லை மட்டும் அளந்து வைப்பான். மற்ற நேரமெல்லாம் அச்சில் இருக்கும் பேரரசியோடுதான் பேச்சு.

"என்ன ராணியம்மா, கண்ணுக்குக் கீழ தொங்குது? தூக்கம் இல்லையா?" என்பான். அச்சு தேய்ந்து மூக்கு மழுங்கிவிட்டால், "டேய் தாமா, அம்மாவுக்கு ஜலதோஷம்டா. வேற அச்சு கேளு" என்று என்னிடம் சொல்வான்.

"அவங்க தலையில தினம் ஆயிரம் தடவ அடிக்கிறவன் நான். என்னைத்தானேடா திட்டுவாங்க?" என்றால், "உன்னை மட்டும்தான் திட்டுவாங்க. நான் தாங்கிப் பிடிக்கிறவன்ல" என்பான்.

அந்த அம்மாளை நாங்கள் இருவரும் ஒரு முறைகூட நேரில் பார்த்ததில்லை. ஒரு தடவை பல்லக்கு போயிற்று, திரை மூடியிருந்தது. ஆனால் பின்னலை எத்தனை சுற்றுச் சுற்றி உச்சியில் கொண்டை போட்டிருக்கிறார் என்று எங்களுக்கு மனப்பாடம். ரோமில் பாதிப் பெண்கள் காசைப் பார்த்துத்தான் தலை வாரினார்கள். சோசிமுஸின் பெண்டாட்டி தல்லூசாவும் அப்படித்தான். நாணயச்சாலைச் சமையல்கட்டில் பருப்பு வேகவைக்கிற அவளுக்கு முடி அடர்த்தி போதாது. கம்பளித் திரியை உள்ளே வைத்துச் சுற்றிக் கட்டிக்கொண்டு, "எப்படிண்ணே இருக்கு?" என்று என்னைக் கேட்பாள்.

"பின்னாடியிருந்து பாத்தா ராணியம்மா. முன்னாடி வந்தா பருப்பு வாசனை" என்பேன். கரண்டியை ஓங்குவாள்.

மூன்று குழந்தைகள் பெற்று மூன்றையும் இழந்தவள் அவள். நாலாவதை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தபோதுதான் பேரரசி இறந்துபோனார்.

ஊரே அழுதது. செனட் கூடி அவரைத் தெய்வம் என்று அறிவித்தது. கோயில் கட்டும் முன்பே காசு அடிக்க எங்களுக்கு உத்தரவு வந்துவிட்டது. பெரிய வெண்கலக் காசு. முன்பக்கம் தலையில் முக்காடிட்ட அம்மாளின் முகம், பின்பக்கம் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு வானத்துக்குப் பறக்கும் மயில். தெய்வமாக்கும் நாளில் ஜனங்களுக்கு வாரி வழங்குவதற்கு. கூடவே இன்னொரு செய்தியும் வந்தது. அம்மாளின் நினைவாகச் சீசரின் ஒவ்வொரு தொழிற்சாலையிலிருந்தும் ஒரு அடிமைப் பெண்ணுக்கு அதே நாளில் விடுதலை.

எங்கள் மேஸ்திரி யூகார்புஸ் கண்டிப்பானவர், கெட்டவர் அல்ல. அடிமையாக இருந்து விடுதலையானவர். மெழுகுப் பலகையில் அவர் எழுதிய பெயர் தல்லூசா.

சோசிமுஸ் அன்று எனக்கு வாங்கிக் கொடுத்த வறுத்த கொண்டைக்கடலையின் சூடு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

"தாமா, எம்பிள்ளை யாருக்கும் சொந்தமில்லடா. என்னைக் கேட்டா எனக்கே சொந்தமில்ல" என்றான்.

"பொறக்கட்டும் முதல்ல."

"தெய்வமாக்குற நாளுக்கு இன்னும் பன்னெண்டு நாள். அவளுக்குக் கணக்குப்படி இருபது நாள் இருக்கு. தினம் வயித்துக்கிட்ட குனிஞ்சு சொல்றேன், கொஞ்சம் பொறுத்துக்கோடா ராஜா, அவசரப்படாதேன்னு."

அவசரப்பட்டது நான்.

அந்தப் பேச்சு நடந்த நாலாம் நாள் பெரிய மைதானத்தில் தேர்ப்பந்தயம். நான் பச்சைக் கட்சி. சின்ன வயதிலிருந்தே அந்தப் பைத்தியம் உண்டு. அன்றைய கூடைகளை முடித்துவிட்டால் மதியத்துக்கு மேல் போகலாம் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். காலையிலிருந்து நான் பறந்துகொண்டிருந்தேன். மேல் அச்சை அவன் திருப்புவதற்குள் சம்மட்டி பாதி தூரம் ஏறியிருக்கும்.

"மெதுவாடா. அம்மா எங்கயும் ஓடிட மாட்டாங்க" என்றான்.

"குதிரை ஓடிடும்."

கடைசிக் கூடையில் பத்து இருபது காசுதான் பாக்கி. வெளியே தெருவில் பச்சைக் கட்சிக்காரர்கள் கூவிக்கொண்டு போனார்கள். அந்தக் கூவலில் காது போயிருந்தது. சோசிமுஸ் வில்லையை வைத்தான், மேல் அச்சை நிறுத்தினான். திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவன் "சுத்தம்" சொல்லவில்லை. நான் அடித்தேன்.

சத்தம் வேறு மாதிரி வந்தது. கணீரென்று கேட்க வேண்டியது, ஈரத் துணியில் அடித்தாற்போல் மொத்தென்று கேட்டது. என் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. காசு தெறித்துக் கூடைக்குள் விழுந்துவிட்டது.

சோசிமுஸ் நிமிர்ந்து பார்த்தான். "நான் சொல்லலையேடா."

"சொன்ன மாதிரி இருந்துச்சு."

"சொல்லல. ஒட்டியிருந்துச்சு. பாரு." மேல் அச்சிலிருந்து நசுங்கிய பழைய காசு ஒன்று அவன் காலடியில் உதிர்ந்தது. "கூடையக் கொட்டு. அந்தக் காசத் தேடி எடுத்துடலாம்."

"முந்நூறு காசு இருக்குடா. எல்லாம் கொதிக்குது. கெட்ட காசப் பொறுக்கி உலையில போடறவங்க யாராவது பாப்பாங்க."

"இது அவங்ககிட்ட போற கூடை இல்ல. நேரா மூட்டைக்குப் போற கூடை."

"ஒரு காசு. எவன் பாக்கப் போறான்? இன்னிக்கு என்னை விடு சோசிமுஸ், உன் காலப் புடிக்கிறேன்."

அவன் கூடையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எனக்காக விட்டுக்கொடுத்தான். அவனிடம் இருந்த ஒரே குறை அது. எங்கள் கூடைக்கென்று ஒரு அடையாளம் உண்டு, கயிற்றில் மூன்று முடிச்சு. அந்தக் கயிற்றாலேயே மூட்டையைக் கட்டிவிட்டு நான் மைதானத்துக்கு ஓடினேன். பச்சைக் கட்சி முதல் திருப்பத்திலேயே கவிழ்ந்து தோற்றது.

தெய்வமாக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு எங்களைக் கூப்பிட்டார்கள். யூகார்புஸின் மேசையில் ஒரு காசு இருந்தது. குழிந்த பக்கம் மேலே. நான் லட்சம் தடவை அடித்த முகம், ஆனால் இடம் வலம் மாறி, உள்ளே போய்க் கிடந்தது.

"மயில் எங்கடா?" என்றார்.

காசை எங்கள் பக்கம் தள்ளினார்.

"பூசைக்கு ஒத்திகை பாக்கையில பெரிய வீட்டு அம்மா ஒருத்தங்க மூட்டைக்குள்ள கைய விட்டு முதல்ல எடுத்தது இது. மேல கூட்டிட்டுப் போற மயிலைக் காணோம், தேவி மண்ணுக்குள்ள முகத்தப் புதைச்சுக் கிடக்கறாளேன்னு அலறி மயங்கி விழுந்துட்டாங்க. அரண்மனையிலேர்ந்து ஆள் வந்து நிக்குது. மூணு முடிச்சு உங்களதுதானே?"

"ஆமாங்கய்யா" என்றான் சோசிமுஸ்.

"அடிக்கிறதுக்கு முன்னாடி நீ 'சுத்தம்' சொன்னியா, இல்லையா?"

இரண்டே பதில்தான். இல்லை என்றால் நான் சுரங்கத்துக்குப் போவேன். ஆம் என்றால் பார்க்காமல் சொன்ன குற்றம் அவனுடையது, அதற்குக் கசையடி. சோசிமுஸ் என் பக்கம் திரும்பவே இல்லை.

"சொன்னேங்கய்யா. சரியாப் பாக்காமச் சொல்லிட்டேன்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்கு வந்தது சந்தோஷம்தான்.

"பன்னெண்டு அடி" என்றார் யூகார்புஸ். பிறகு பெருமூச்சு விட்டு மெழுகுப் பலகையை எடுத்தார். "உன் பொண்டாட்டி பேரையும் எடுத்தாகணும்டா. ராணியம்மாவுக்கே அபசகுனம் பண்ணினவன் வீட்டுப் பொம்பளைய அவங்க பேரால விடுவிச்சா என் தலையும் சேந்து போகும்."

சோசிமுஸ் இதை எதிர்பார்க்கவில்லை. கசையடியோடு முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் பழியை எடுத்துக்கொண்டான். அவன் முகத்தில் அது தெரிந்ததை நான் பார்த்தேன்.

"ஐயா, அவ நிறைமாசம்ங்கய்யா."

"தெரியும்டா."

"இன்னும் பத்து நாள்ல..."

"தெரியும்னு சொன்னேன்ல."

யூகார்புஸ் எழுத்தாணியைத் தலைகீழாகத் திருப்பினார். தட்டையான முனையை மெழுகின்மேல் வைத்தார். இன்னும் தேய்க்கவில்லை. அப்போது நான் பேசியிருக்கலாம். 'ஐயா, அவன் சொல்லவில்லை, நான்தான் அடித்தேன்' என்று ஒரே வரி. சோசிமுஸ் இப்போது என்னைப் பார்த்தான். கெஞ்சவில்லை, கோபப்படவில்லை. வேலையில் அவன் சொல்லுக்காக நான் காத்திருப்பதுபோல என் சொல்லுக்காகக் காத்திருந்தான்.

வாயைத் திறந்தேன். இருமல் வந்தது. இருமினேன். இருமி முடிப்பதற்குள் பலகையில் மெழுகு வழவழவென்று இருந்தது. அதே இடத்தில், எங்கள் உடுப்புக்குக் கம்பளி நிறுக்கும் வேறொருத்தியின் பெயரை எழுதினார்.

தெய்வமாக்கும் நாள் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அதற்கு ஆறாம் நாள் தல்லூசாவுக்குப் பெண் பிறந்தது. ஹிலாரா என்று பெயர் வைத்தார்கள். நல்ல ஆரோக்கியமான குழந்தை. சீசரின் பேரேட்டில் ஏற்றிக்கொண்டார்கள்.

முதுகுப் புண் ஆறியதும் சோசிமுஸ் வேலைக்கு வந்தான். அதே கட்டை, அதே இடுக்கி. முதல் வில்லையை வைத்து, அச்சைத் திருப்பிப் பார்த்து, "சுத்தம்" என்றான். குரல் மாறவில்லை. நான் அடித்தேன். அதற்குப் பிறகு பதினாலு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். அவன் சொல்லுக்கு முன்னால் என் சம்மட்டி ஒரு விரல்கூட எழும்பியதில்லை. இப்போது எதற்கு அந்த ஒழுங்கு, சொல்லுங்கள். அச்சில் இருக்கும் முகங்களோடு பேசுவதை மட்டும் அவன் விட்டுவிட்டான். அடுத்த பேரரசி வந்தார், அவர் காசும் வந்தது. "இந்தம்மாவுக்குக் கொண்டை சின்னது" என்று நானே ஒரு தடவை ஆரம்பித்துப் பார்த்தேன். அவன் வில்லையை வைத்தான்.

மன்னிப்புக் கேட்க ஒரே ஒரு தடவை துணிந்தேன். சாப்பாட்டு நேரம். "சோசிமுஸ், அன்னிக்கு நான்..." என்று தொடங்கினேன். அவன் ரொட்டியைப் பிய்த்துப் பாதியை என் பக்கம் தள்ளி, "பூண்டு அதிகமாப் போட்டுட்டா. பாரு, உனக்குப் பிடிக்கும்" என்றான். நானும் தின்றேன்.

தல்லூசாவுக்கு உண்மை தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. கடைசிவரை என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டாள். கம்பளித் திரி வைத்துக் கொண்டை போடுவதை விட்டுவிட்டு, சும்மா முடிந்துகொண்டாள். ஹிலாராவுக்கு ஏழு வயதானபோது தல்லூசாவுக்கு விடுதலை கிடைத்தது. அது மகளுக்கு ஒன்றும் செய்யாது. மறு வருடமே ஹிலாராவைக் கடற்கரையில், ஆன்டியம் மாளிகையில் துணிமணிக் கிடங்கு வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வருடத்துக்கு ஒரு முறை, சட்டர்ன் பண்டிகைக்கு மட்டும் அனுப்புவார்கள். சோசிமுஸ் மாதக்கணக்காக அவளுக்கு அத்திப்பழம் காயப்போட்டு வைத்திருப்பான். தல்லூசா காய்ச்சலில் போனாள். அவனுக்கும் எனக்கும் ஒரே வருடத்தில் விடுதலை வந்தது. ஒரே சந்தில் எதிரெதிரே அறை எடுத்துக் குடியிருந்தோம். விடுதலை பெற்ற கிழவன் என்ன செய்வான்? படியில் உட்கார்ந்து ஆன்டியம் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அவன் செத்த ஒன்பதாம் நாள் சமாதிச் சாப்பாட்டுக்கு ஹிலாரா வந்திருந்தாள். இருபத்தைந்து வயது. அப்பனின் நாடி, அம்மாவின் முடி. இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை. மாடத்துக்கு முன்னால் துணி விரித்து முட்டை, அவரை, பருப்பு, உப்பு எல்லாம் பரப்பி வைத்தாள். எனக்கு முதலில் பரிமாறினாள்.

"இவளையும் பேரேட்டுல ஏத்திட்டாங்களா?" என்று கேட்டேன்.

"பொறந்த அன்னிக்கே ஏத்திட்டாங்க சித்தப்பா. என் பிள்ளை வேற எங்க போவும்?" என்று சிரித்தாள். குழந்தையை என் மடியில் விட்டுவிட்டு முட்டை உரித்தாள். "உங்கள எதுக்கு முதல்ல உக்கார வெச்சேன் தெரியுமா?"

"வயசானவன்னு."

"அதில்ல. அப்பா ஒவ்வொரு பண்டிகைக்கும் சொல்வாரு. நான் பொறக்கறதுக்கு முன்னாடி ஏதோ காசு கெட்டுப்போச்சாமே. தப்பு அப்பாவோடதாம். ஆனா நீங்க பழிய உங்க தலையில போட்டுக்க வந்தீங்களாம். 'தாமா வாயத் திறந்துட்டான்மா, நான்தான் கண்ணாலயே அடக்கிட்டேன். அவனச் சுரங்கத்துக்கு அனுப்பிட்டு நான் எப்படி வாழுறது'ன்னு சொல்வாரு. யாரும் இல்லாத ஊர்ல அத நெனச்சுப்பேன் சித்தப்பா. ரோம்ல நமக்குன்னு அப்படி ஒரு மனுஷன் இருக்காருன்னு."

பதினேழு பண்டிகை. ஒவ்வொன்றுக்கும் அவன் இதை மகளுக்குச் சொல்லியிருக்கிறான். என்னை நம்பி ஒருத்தி இருக்கட்டும் என்று, என்னை நல்லவனாக்கி அவள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஹிலாரா உரித்த முட்டையில் உப்புத் தொட்டு என்னிடம் நீட்டியபடி, நான் ஏதாவது சொல்வேன் என்று முகத்தைப் பார்த்தாள். அவள் குழந்தை என் மடியில் இருந்தது. அந்த ஒரு வரி என் நாக்கு நுனி வரை வந்தது.

வாயைத் திறந்தேன். இருமல் வந்தது.

"மெதுவா, சித்தப்பா, மெதுவா" என்று சொல்லி, ஹிலாரா என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.